வால் இல்லாத யானை

வெல்கோ மிஞ்செவ் தன் வாழ்நாளில் அந்த யானையை எத்தனை தடவை பாலத்தில் நடக்கவிட்டிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்யாண வீடு, இழவு வீடு, பல் டாக்டரின் வரிசை, எங்கே நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யானை கிளம்பிவிடும். பல்கேரியாவில் இருக்கும் ப்ரோத்னா ஊர்க்காரர்கள் இதைப் பற்றிக் குறை சொன்னதே கிடையாது. குறுக்கே பேசினால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும் என்ற பயம்தான்.

கதை இதுதான். 1958 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றின் மேல் கட்டிய புதுப் பாலத்தைத் திறந்தார்கள். அது தாங்குமா என்று ஊருக்குள் சந்தேகம் இருந்தது. சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது: அந்த வருஷம் ஊரில் பல வீடுகளுக்குப் புதிதாக சிமெண்ட் படிக்கட்டு முளைத்திருந்தது. இஞ்சினியர் துமானொவ் ரோஷக்காரர். ஊர் எல்லையில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸிலிருந்து ஒரு யானையை வரவழைத்து, அதைப் பாலத்தில் நடத்தச் சொல்லிவிட்டு, இடிந்தால் முதலில் என் தலைமேல் இடியட்டும் என்று பாலத்துக்கு அடியில் தனியாகப் போய் நின்றுகொண்டார். முந்தின நாள் முழுக்க மழை. ஊரே முழங்கால் வரை மஞ்சள் சேறு. யானை புதுத் தார்மேல் சேற்றுத் தடம் பதித்தபடி அக்கரை சேர்ந்தது. இஞ்சினியர் மேலே ஏறி வந்தார். யானை அவர் தொப்பியைத் துதிக்கையால் கழற்றி, உயரத் தூக்கி, ஊருக்கே ஒரு சலாம் வைத்தது. முதல் வரிசையில் நின்ற எட்டு வயது வெல்கோ, கையிலிருந்த எள் தூவிய வளைய ரொட்டியை, கெவ்ரெக்கை, அப்படியே அதனிடம் நீட்டினான்.

இப்போது அறுபத்தைந்தாம் ஆண்டு விழா. தொப்பி ஏந்திய துதிக்கையும், இஞ்சினியரும், ரொட்டி நீட்டும் சிறுவனுமாக ஒரு வெண்கலச் சிலை பாலத்தின் முகப்பில் துணி போர்த்தி நின்றது. சனிக்கிழமை பதினொரு மணிக்குத் திறப்பு. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, முடிதிருத்துபவரின் மனைவியும் பிப்ரவரியில் கண்ணை மூடிவிட்டதால், ஊருக்கு மிச்சமிருந்த ஒரே கண்கண்ட சாட்சி வெல்கோதான். மேடையில் அவர் கதையைச் சொல்ல வேண்டும். உடனே துணி விலகும்.

இங்கே பல்கேரிய மொழியின் ஒரு கண்டிப்பைச் சொல்லியாக வேண்டும். நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, இல்லை யாரோ சொல்லிக் கேட்டீர்களா என்பதை வினைச்சொல்லின் வாலிலேயே காட்டிவிட வேண்டும். நாம் 'வந்தது' என்றும் 'வந்ததாம்' என்றும் சொல்கிறோமே, அதே மாதிரிதான். நாம் அந்த 'ஆம்' என்ற வாலை மனம் இருந்தால் ஒட்டுவோம், மறந்தால் யாரும் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. அங்கே பிடிப்பார்கள். பிடிக்கிற வேலையைத்தான் வெல்கோ ப்ரோத்னா பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் மொழி ஆசிரியராகச் செய்தார். "நீ பார்த்தியா? பார்க்கலையில்ல? அப்ப வாலை ஒட்டு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் நடுங்கியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு என்றால் முதல் தரம், இரண்டு என்றால் தோல்வி. வால் விட்டுப்போன கட்டுரைக்கு இரண்டு. மேல்முறையீடு கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் வார்னாவிலிருந்து பஸ்ஸில் அவருடைய அக்கா ராய்னா வந்து இறங்கினாள். ஐந்து வயது மூத்தவள், எழுபத்தெட்டு நடக்கிறது. கல்யாணமாகிக் கடற்கரைப் பக்கம் போன பிறகு தம்பி வீட்டுக்கு அவள் வந்தது எண்ணி நாலு தடவை, நாலும் சாவுக்கு. வெல்கோவின் மனைவி இறந்தபோது வந்தது கடைசி. இந்த முறை யாரும் சாகாமலே வந்திருந்தாள்.

வெல்கோ புதினா போட்டு பீன்ஸ் சூப் வைத்திருந்தார். அவள் தட்டில் ஊற்றிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தோடு எழுந்து நின்றார்.

"சாப்பிட்டுக்கிட்டே கேளுக்கா. சனிக்கிழமை பேசப்போறது. 'பெரியோர்களே! யானை வந்தது. மெல்ல வந்தது. நான் என் கையிலிருந்த கெவ்ரெக்கை நீட்டினேன்...'"

ராய்னா ஸ்பூனை வைத்தாள். "எங்க வச்சு நீட்டினே?"

"பாலத்துல."

"நீ எப்படா பாலத்துக்குப் போனே?"

"என்னக்கா கேள்வி இது? திறப்பு விழா அன்னிக்குத்தான்."

"அன்னிக்கு உனக்குப் பொன்னுக்குவீங்கிடா. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி ஒரு பக்கம் தொங்கிச்சு. அம்மா கன்னத்துல பன்றிக்கொழுப்பைத் தடவி, நீலத்தாளைச் சுத்தி, மேல மஃப்ளரைக் கட்டிப் படுக்கப் போட்டிருந்தா. ஊருக்கே ஒட்டவச்சிடுவேன்னு உன்னை வாசப்படி தாண்ட விடலை. நான்தான் போய்ப் பார்த்துட்டு வந்து, உன் கட்டில்ல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன்."

வெல்கோ சிரித்தார். நல்ல அகலமான சிரிப்பு. அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று பொருள்படும் சிரிப்பு. "எனக்கு அந்த யானையோட வாசனைகூட ஞாபகம் இருக்கு. ஈரக் கோணி மாதிரி."

"அடுத்த வாரம் அப்பா உன்னை சர்க்கஸ் கூடாரத்துக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனார். அங்க மோந்தது."

"கெவ்ரெக் குடுத்தேனே! துதிக்கை என் கையில பட்டுச்சு!"

"குடுத்தே. ஒட்டகத்துக்கு. உன் கையை நக்கிச்சு, நீ பயந்து டவுசர்லயே..."

"சரி சரி, அதை விடு. தொப்பி?"

ராய்னா சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, தண்ணீர் குடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. "தொப்பி நான் கட்டிவிட்டதுடா! யானையைப் பார்க்க முடியலைன்னு நீ ஒரே அழுகை. யானை இஞ்சினியர் தொப்பியைக் கழட்டி சலாம் போட்டுச்சுன்னு அடிச்சுவிட்டேன். டக்குன்னு அழுகை நின்னுச்சு."

"இஞ்சினியரே அழுதுக்கிட்டே சொல்லியிருக்கார்க்கா! அந்தத் தொப்பி மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு!"

"எப்ப சொன்னார்? வயசான காலத்துல. நீ அஞ்சாம் க்ளாஸ்ல எழுதின கட்டுரையை ஸ்கூல் சுவத்துல ஒட்டினாங்க, ஞாபகம் இருக்கா? அவர் பொண்ணு உன் க்ளாஸ்தானே? அது போய் வீட்டுல சொல்லியிருக்கும். அவர் பாவம், பாலத்துக்கடியில நின்ன பயத்துல மேல என்ன நடந்ததுன்னு அவருக்கே தெரியாது. தொப்பி இருந்தா நல்லாத்தானே இருக்குன்னு வச்சுக்கிட்டார்."

வெல்கோ உட்கார்ந்தார். அந்தக் கட்டுரைக்கு ஆறு வாங்கியது அவருக்கு நினைவிருந்தது.

"பத்து வயசு வரைக்கும் நீ ஒழுங்காத்தான் சொல்லிட்டிருந்தே," என்றாள் ராய்னா, மறுபடி ஸ்பூனை எடுத்தபடி. "வந்துச்சாம், நடந்துச்சாம், தூக்குச்சாம். அப்புறம் எப்பவோ வால் கழண்டு விழுந்துடுச்சு. விழுந்த சத்தம் யாருக்கும் கேக்கலை."

"இப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"சனிக்கிழமை வாலை ஒட்டிப் பேசு. இல்லேன்னா முன்வரிசையில நான் எந்திரிச்சு நிப்பேன்."

"ஏன்க்கா? இத்தனை வருஷத்துக்கப்புறம் உனக்கு என்ன வந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்கான். சிலையைப் பார்த்தேன். அதுல பொண்ணு இல்லை," என்றாள் அவள். "போய்ப் பார்த்தது நான். நிக்கிறது நீ. சூப்ல உப்புக் கம்மி."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெல்கோ நகராட்சி அலுவலகத்தில் இருந்தார். மேயர் லாம்ப்ரெவ் ஒவ்வொரு வாக்கியத்தையும் ரிப்பன் வெட்டுவது போலத்தான் தொடங்குவார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாலும் பதிலில் கொஞ்சம் கைதட்டலுக்கு இடம் விடுவார்.

"சார்! வாங்க! வரலாறே மாடிப்படி ஏறி வருது!"

"லாம்ப்ரெவ், நான் அங்க இல்லையாம்."

சொன்ன பிறகுதான் வெல்கோவுக்கே தன் வாக்கியம் காதில் விழுந்தது. தன்னைப் பற்றித் தானே யாரிடமோ கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. இலக்கணப்படி பிழை கிடையாது.

"இல்லையாமா? யார் சொன்னா?"

"எங்க அக்கா."

"அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு சார். ஞாபகம் தடுமாறத்தான் செய்யும்."

"எனக்கு அப்ப எட்டு வயசு. அது மட்டும் தடுமாறாதா?"

"வெண்கலம் தடுமாறாது சார்." மேயர் மேஜைமேல் இருந்த படத்தைத் தட்டினார். "நானூறு கிலோ. சிற்பி எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? நீங்க குடுத்தீங்களே, அந்தப் பாலத் திறப்பு விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எடுத்த க்ளாஸ் போட்டோ, அதை ரெண்டு மாசம் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்து, உங்க மூஞ்சியை மயிரிழை பிசகாம வடிச்சிருக்கார்."

"என் பேரையாவது எடுத்துடு. 'ஒரு சிறுவன்'னு மட்டும் போடு."

"பொறிச்சாச்சு சார்."

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடேன்."

"மேடைக்குப் பக்கத்துலயே டாக்டருக்கு நாற்காலி போட்டிருக்கேன். நீங்க மயங்கி விழுந்தாலும் தூக்கி நிறுத்திக் கதையைச் சொல்ல வச்சிடுவோம். கவலையே படாதீங்க."

"உள்ளதைச் சொல்லிட்டா?"

லாம்ப்ரெவ் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். குரலில் இருந்த மைக் அணைந்தது.

"ஆறாம் க்ளாஸ்ல 'தலைநகரில் நான் கண்டவை'ன்னு கட்டுரை குடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? நான் பஸ்ல ஏறினதுமே வாந்தி எடுத்தேன்னு ஊர் எல்லையிலயே இறக்கிவிட்டுட்டாங்க. போகலைன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. பார்த்த மாதிரி எழுதினேன். நீங்க எல்லார் முன்னாடியும் அதைத் தூக்கிக் காட்டி என்ன சொன்னீங்க? 'பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதறவன் அடுத்தவன் கண்ணைத் திருடறான்'னு சொன்னீங்க. ரெண்டு போட்டீங்க. நாற்பது வருஷமா ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னாடி எனக்கு அந்த ரெண்டு ஞாபகம் வருது. நாளைக்கு நீங்க மேடையேறி 'வந்ததாம்'னு சொன்னா, நான் அந்த ரெண்டை எங்க சார் கொண்டுபோய் வைக்கிறது?"

மேயர் மறுபடி மைக்கைப் போட்டுக்கொண்டு, கதவு வரை வந்து, வரலாற்றைப் பத்திரமாகப் படியிறங்கச் சொல்லி வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் பாலம். துணிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன வெண்கலச் செருப்பும் கணுக்காலும் மட்டும் வெளியே தெரிந்தன. திடகாத்திரமான கால். எட்டு வயதில் தன் கால் குச்சி மாதிரி இருக்கும் என்பது வெல்கோவுக்குத் தெரியும். அதுவும் யாரோ சொன்னதுதானோ என்று உடனே சந்தேகம் வந்தது.

வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. சமையலறைக்கு ஓடினார்.

"அக்கா! நிகழ்காலத்துல சொல்லிடறேன். 'யானை வருகிறது, தொப்பியைத் தூக்குகிறது.' நிகழ்காலத்துக்கு வாலே கிடையாது!"

ராய்னா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உன் க்ளாஸ்ல ஒரு பையன் அப்படி எழுதியிருந்தா என்ன போட்டிருப்பே?"

வெல்கோ பால்கனிக்குப் போனார். இரண்டு. சந்தேகமில்லாமல் இரண்டு. பக்கத்திலேயே சிவப்பு மையில் 'கோழை' என்றும் எழுதியிருப்பார்.

அன்று சாயங்காலம் வரை அவர் தன் தலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார். ஒன்றே ஒன்று போதும் அவருக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, யாரும் தனக்குச் சொல்லாத ஒரே ஒரு துண்டு. யானையின் கண்? அக்கா சொன்னது. சேற்றுத் தடம்? ஊரே சொன்னது. வாத்தியக் கோஷ்டி? மியூசியத்துப் புகைப்படம். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வேறு யாரோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, பொன்னுக்குவீங்கியையாவது பிடிப்போம் என்று பார்த்தால், அது அதைவிட மோசம். மஃப்ளர் தெரிந்தது, நீலத்தாளின் மொறமொறப்பு காதோரம் கேட்டது, கொழுப்பு நாற்றம்கூட வந்தது. நேற்று மத்தியானம் வரை அவர் தலைக்குள் அந்தக் கட்டில் கிடையாது. அக்கா ஒரு தட்டு சூப் குடிக்கிற நேரத்தில் அதைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். மூளை மறுபேச்சில்லாமல் மெத்தை விரித்து, தலையணை வைத்து, அவரையே படுக்கவும் வைத்துவிட்டது. முப்பத்துநாலு வருஷம் மற்றவர்கள் வாலைப் பிடித்து இழுத்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். கன்னத்தை மழிக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். சாய்த்தபடியே நின்றுவிட்டார்.

தலை சாய்ந்திருந்தது. வீங்கிய கன்னம் மேலே, நல்ல கன்னம் தலையணையில். அப்படிப் படுத்தால் கட்டில் விளிம்பும் தரையும் மட்டும்தான் தெரியும். விளிம்பிலிருந்து இரண்டு கால்கள் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. வெள்ளை ஷூ. புத்தம் புதுசு. மேலே அக்காவின் குரல் யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போயிற்று. ஷூ ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கும் முன்னால், வெளியிலிருந்து கதவில் சாவி திரும்பிய சத்தம்.

இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

பாதி முகத்தில் நுரையோடு சமையலறைக்கு வந்தார். ராய்னா விழாவுக்குத் தயாராகி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து நிற்கப் போகிறவளின் முறைப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, யானையைப் பார்க்கப் போனப்ப என்ன ஷூ போட்டிருந்தே?"

"வெள்ளை ஷூ," என்றாள் உடனே. முகம் மலர்ந்தது. "சித்தி ப்லோவ்திவ்லருந்து வாங்கி அனுப்பினது. அன்னிக்குத்தான் முதல்முதல்ல போட்டேன். என்ன ஷூடா அது! கால் பெருசாகிப் போடமுடியாமப் போற வரைக்கும் ஒரு பொட்டு கறை பட்டதில்லை. புதுசு மாதிரியே இருக்குன்னு அம்மா அதைச் சித்தப்பா பொண்ணுக்குக் குடுத்தா."

"ஒரு பொட்டு கறை இல்லை?"

"ஒரு பொட்டு இல்லை."

"அன்னிக்கு ஊரே முழங்கால் வரைக்கும் சேறுக்கா."

வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடிகளோடு கத்திக்கொண்டு போனார்கள்.

"அம்மா கதவைப் பூட்டிட்டுப் போனா," என்றார் வெல்கோ. "எனக்குத் துணைக்கு உன்னையும் உள்ள வச்சு. அப்பா பாலத்துல கொத்து வேலை பார்த்தவர், ரெண்டு பேரும் போயே ஆகணும். நீ கிளம்பித் தயாரா, புது ஷூவோட இருந்தே."

"இல்லடா. நான் போனேன்." அவள் குரல் சின்னதாகியிருந்தது. "கூட்டம்... யாரோ என் கையைப் புடிச்சிருந்தாங்க..."

"யாரு?"

அவள் கண் அங்குமிங்கும் போனது, வீட்டுக்குள் எங்கோ வைத்த பொருளைத் தேடுகிற மாதிரி. வார்னாவில் அவள் புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, துறைமுக ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்களுக்கு, எல்லாருக்கும் அந்த யானை வாலில்லாமல்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

"போனேன்," என்றாள் மறுபடி. பிறகு, யாருடைய வாக்கியத்தையோ படிப்பது போல: "போனேனாம்."

வெல்கோ ஒரு துண்டை எடுத்துத் தன் முகத்து நுரையைத் துடைத்தார். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"எந்திரிச்சு நிக்கப்போறியா?" என்று கேட்டார்.

"எதைச் சொல்லிடா நிக்கிறது?" என்றாள் அவள். "வா, நேரமாச்சு."

பதினொரு மணிக்குப் பாலத்தின் முகப்பில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. மேயர் லாம்ப்ரெவ் மார்பில் மூவண்ணப் பட்டையோடு இருபத்தைந்து நிமிஷம் பேசினார். அதில் யானை இரண்டு தடவையும், அவருடைய நிர்வாகம் பதினோரு தடவையும் பாலத்தைக் கடந்தன. பிறகு வெல்கோவைத் தோளைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினார். பிடித்த கையை எடுக்கவில்லை.

வெல்கோ கீழே பார்த்தார். முன்வரிசையில் ராய்னா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவரிடம் படித்த முகங்கள். கசாப்புக் கடைக்காரர், பல் டாக்டர், தபால்காரி. வாலுக்காகத் திட்டு வாங்காத முகம் ஒன்றுகூட இல்லை.

"யானை," என்றார். "யானை வந்ததாம்."

பின்னாலிருந்து கசாப்புக் கடைக்காரரின் குரல் கிளம்பியது:

"சார்! நீங்க பார்த்தீங்களா இல்லியா? பார்த்தா வாலை வெட்டுங்க! இல்லேன்னா ரெண்டு மார்க்!"

ஊரே வெடித்துச் சிரித்தது. கிழவர் நம்மைச் சோதிக்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. என்ன குறும்பு, இந்த வயதிலும் வகுப்பெடுக்கிறாரே! பள்ளிப் பிள்ளைகள் முதலில் தொடங்கினார்கள்; பெரியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். "வந்தது! வந்தது!" முப்பது வயதுக்காரர்கள், இருபது வயதுக்காரர்கள், போன வருஷம் பிறந்ததைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள், அத்தனை பேரும் கண்ணால் பார்த்த வினைமுற்றில் கத்தினார்கள். "நடந்தது! சலாம் வைத்தது!" அவரே சொல்லிக் கொடுத்தது. ஒருவர்கூடப் பிழை விடவில்லை.

"நான் அங்கே இல்லை," என்றார் வெல்கோ மைக்கில். "கதவு பூட்டியிருந்தது. சாவி திரும்பியது. கேட்டேன்."

வாலில்லாத நாலு வாக்கியங்கள். அவர் வாழ்க்கையிலேயே முழுக்கச் சொந்தமானவை. ஆனால் மேயரின் கை அதற்குள் வாத்தியக் கோஷ்டியின் பக்கம் அசைந்திருந்தது, பெரிய முரசு ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையில் ஒருத்திக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். ராய்னா குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் போட்டிருந்தது பழுப்பு.

துணி விலகியது. யானை தொப்பியைத் தூக்கியிருந்தது. இஞ்சினியர் தன்னுடைய தொப்பி போவதை மனமகிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் சிறுவன் கெவ்ரெக்கை நீட்டியபடி நின்றான். கைதட்டல் எழுந்தது. பிறகு கொஞ்சம் தயங்கியது. சிற்பி உண்மையிலேயே மயிரிழை பிசகாதவர்தான். புகைப்படம் எடுத்த அந்த வெள்ளிக்கிழமையே பொன்னுக்குவீங்கி ஆரம்பித்துவிட்டிருந்தது போலிருக்கிறது: வெண்கலப் பையனின் இடது கன்னம் காதுக்குக் கீழே உருண்டு, பந்து போலப் புடைத்திருந்தது.

"மூஞ்சி ஏன் கோணலா இருக்கு?" என்று ஒரு சிறுமி சத்தமாகக் கேட்டாள்.

வெல்கோவின் நெஞ்சு துள்ளியது. இதோ. நானூறு கிலோ சாட்சி. ஊர் நடுவில், வெட்டவெளியில், எல்லார் கண் முன்னாலும். அவர் மைக்கை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

மேயர் லாம்ப்ரெவ் அவரை முந்திக்கொண்டார். ரிப்பன் வெட்டினார்: "கவனியுங்கள்! பாதி ரொட்டியைத் தன் வாயில் அடக்கிக்கொண்டு, மீதிப் பாதியை யானைக்கு நீட்டுகிறான் எங்கள் ஊர்ப் பிள்ளை! தானும் உண்டான், பிறருக்கும் கொடுத்தான். இதுதான் ப்ரோத்னா!"

சிறுவன் கையில் இருந்தது முழு ரொட்டி. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கைதட்டல் ஆற்றின் அக்கரை வரை போய்த் திரும்பியது. தபால்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ஆமாடி, பாதியை மென்னுட்டே குடுத்தார். எங்க மாமியார் எப்பவும் சொல்லுவாங்க."

விழா முடிந்து கூட்டம் கலைய இரண்டு மணி ஆயிற்று. எல்லோரும் சிறுவனின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள்; இப்போதே அந்த இடம் கொஞ்சம் பளபளத்தது. அக்காவும் தம்பியும் கையைக் கோர்த்துக்கொண்டு பாலத்தில் நடந்தார்கள். நடுப்பாலத்தில் ராய்னா நின்றாள்.

"டேய், அந்தச் சாவிச் சத்தம். நிஜமாவே கேட்டதா, இல்லை அதையும் நீயா..."

"கேட்டேன்," என்றார் வெல்கோ. "அது மட்டும் நிச்சயம்."

பிறகு ஏதோ உறுத்துகிற மாதிரி இருந்தது. நாக்கைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய்த் துழாவினார். இடது கன்னத்தில், பல்லிடுக்கில், எங்கேயோ லேசாகக் கெவ்ரெக்கின் எள் ருசித்தது.